சாம் ஹியூஸ்டன்

சாம் ஹியூஸ்டன் (சாமுவேல் ஹியூஸ்டன், மார்ச் 2, 1793 - ஜூலை 26, 1863) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த படைத்தலைவரும் அரசியல்வாதியும் ஆவார். 1836 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் இருந்து டெக்சாஸ் பிரிந்த போரை வழிநடத்தி வென்றவர் இவரே. டெக்சாஸ் தனி நாடாக இருந்த காலத்தில் இருமுறை அதன் குடியரசுத் தலைவராகவும், அது ஐக்கிய அமெரிக்காவில் இணைந்த பின்னர் செனட் உறுப்பினராகவும், ஆளுநராகவும் பணியாற்றினார். முன்னதாக டென்னசி மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்துள்ளார். அமெரிக்காவின் இரு வெவ்வேறு மாநிலங்களில் மக்கள் வாக்களித்து ஆளுநரான ஒரே மனிதர் இவராவார்.

ஒரு நாட்டின் உறுப்பாக உள்ள மாநிலம் அந்நாட்டில் இருந்து பிரிந்து செல்லலாமா என்ற கேள்வி இவரது வாழ்வில் இருமுறை எழுந்தது. முதன்முறை (1836) பிரிவினைக்காகப் போரிட்டார். இரண்டாம் முறை (1861) பிரிவினையை எதிர்த்து, அதற்காகத் தமது ஆளுநர் பதவியை இழந்தார். இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையே உள்ள தொடர்பு வரலாற்றாளர்களால் இன்றும் ஆராயப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

ஹியூஸ்டன் வர்ஜீனியா மாநிலத்தின் ராக்பிரிட்ஜ் கவுண்டியில் உள்ள டிம்பர் ரிட்ஜ் என்னுமிடத்தில் ஒன்பது குழந்தைகளுள் ஐந்தாமவராகப் பிறந்தார். தந்தை அமெரிக்க விடுதலைப் போரில் பங்கு கொண்டவர். தந்தையின் மறைவுக்குப் பின்னர் தாய் எலிசபெத் குழந்தைகளுடன் டென்னசி மாநிலத்தின் மேரிவில் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்.

குடும்பத்தினர் இவரைக் கடை வேலையில் அமர்த்த முயன்றபோது, 1809 ஆம் ஆண்டில் வீட்டை விட்டு வெளியேறி அருகில் இருந்த செரோக்கீ பழங்குடியினருடன் வாழத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்களிடையே இருந்து அவர்களது மொழியைக் கற்றார். ஊலூடேகா என்ற தலைவர் இவரைத் தம் மகனாக ஏற்று, அண்டங்காக்கை எனப் பொருள்படும் செரோக்கீ பெயரை இவருக்குச் சூட்டினார். பழங்குடியினருடனான இவ்வுறவு இவரது வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

படைப்பணியும் டென்னசி அரசியலும்

1813 ஆம் ஆண்டில் ஹியூஸ்டன் அமெரிக்கப் படையில் சேர்ந்தார். 1814 மார்ச்சில் கிரீக் பழங்குடியினருக்கு எதிராக நடந்த ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் அம்பினாலும் துப்பாக்கிக் குண்டுகளாலும் கடுமையாகக் காயமுற்றார். அக்காயங்கள் இறுதிவரை முழுமையாக ஆறவில்லை. அச்சண்டையில் படைத்தலைவராக இருந்தவரும் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக ஆனவருமான ஆண்ட்ரூ ஜாக்சன், இவரது துணிவைக் கண்டு ஆதரவளித்தார்.

படையில் இருந்து விலகிய பின்னர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1823 முதல் 1827 வரை பிரதிநிதிகள் அவை உறுப்பினராகவும், 1827 முதல் டென்னசி ஆளுநராகவும் இருந்தார். (அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவரது பொறுப்புகள் இந்திய மாநில முதலமைச்சரின் பொறுப்புகளுக்கு நெருக்கமானவை.) 1829 ஆம் ஆண்டில் எலிசா ஆலன் என்பவருடன் நடந்த திருமணம் சில வாரங்களிலேயே முறிந்தது. அதன் காரணத்தை இருவருமே வெளியிடவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் பதவி விலகிய ஹியூஸ்டன், மீண்டும் செரோக்கீ மக்களிடம் சென்று அவர்களது குடியுரிமையைப் பெற்றார்.

டெக்சாஸ் பிரிவினைப் போர்

பின்னணி

1832 டிசம்பரில் ஹியூஸ்டன் டெக்சாஸ் சென்றார். அப்போது டெக்சாஸ், கோவாவிலா பகுதியுடன் சேர்ந்து மெக்சிக்கோவின் ஒரு மாநிலமாக இருந்தது. மெக்சிக்கோவின் 1824 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மாநிலங்களுக்கு கணிசமான தன்னாட்சியை அளித்திருந்தது. இதனால் ஈர்க்கப்பட்டும், குறைந்த விலையில் நிலம் கிடைத்ததாலும் ஆயிரக்கணக்கான அமெரிக்கர் அங்கே குடியேறினர். அவர்களுள் பலர் தம்முடன் கறுப்பின அடிமைகளையும் கொண்டு சென்றனர். மெக்சிக்கோ 1829 ஆம் ஆண்டில் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டதும், 1830 ஆம் ஆண்டில் அமெரிக்கர் குடியேற்றத்தைத் தடை செய்ததும் குடியேறிகளிடையே அதிருப்தியை வளர்த்தன.

1833 ஆம் ஆண்டில் கூடிய குடியேறிகள் மாநாடு தனி நாட்டைக் கோரவில்லை. மெக்சிக்கோவுக்குள் கோவாவிலாவில் இருந்து பிரிந்த தனி மாநிலத்தையே கோரியது. அம்மாநிலத்துக்கான அரசியலமைப்பு வரைவைத் தயாரித்த குழுவுக்கு ஹியூஸ்டன் தலைமை வகித்தார். கோரிக்கையை மெக்சிக்கோ நகருக்கு எடுத்துச் சென்ற ஸ்டீவன் ஆஸ்டின் 1834 ஆம் ஆண்டில் சிறை வைக்கப்பட்டார். இதனையடுத்து அந்தோனியோ லோப்பசு டெ சான்டா அன்னாவின் ஆட்சி, 1824 அரசியலமைப்பை அகற்றி, மாநிலங்களின் தன்னாட்சியை நீக்கி, அதிகாரத்தை மையத்தில் குவித்தது. எதிர்த்த சகடேக்காஸ் மாநிலம் 1835 ஆம் ஆண்டில் படை கொண்டு ஒடுக்கப்பட்டது.

போர் 1835 அக்டோபரில் கொன்சாலஸ் என்னும் ஊரில் தொடங்கியது. தொடக்கத்தில் டெக்சாஸ் மக்கள் 1824 அரசியலமைப்பை மீட்பதற்காகவே போரிடுவதாக அறிவித்தனர். எனினும் சில மாதங்களில் நிலைமை மாறியது. 1836 மார்ச் 2 அன்று கூடிய மாநாடு டெக்சாசின் விடுதலையை அறிவித்தது. தமது 43 ஆவது பிறந்த நாளான அன்று ஹியூஸ்டன் அவ்வறிக்கையை ஏற்றவர்களுள் ஒருவராக இருந்தார். படைகளின் தலைமைத் தளபதியாகவும் அவர் நியமிக்கப்பட்டார்.

சான் ஜசிண்டோ சண்டை

மார்ச் 6 அன்று அலமோ கோட்டை வீழ்ந்து அதன் காவலர்கள் கொல்லப்பட்டனர். அம்மாத இறுதியில் கோலியாடில் சரணடைந்த 300க்கும் மேற்பட்ட வீரர்கள் சான்டா அன்னாவின் ஆணைப்படி சுட்டுக் கொல்லப்பட்டனர். பயிற்சியற்ற சிறு படையைக் கொண்டிருந்த ஹியூஸ்டன், நேரடி மோதலைத் தவிர்த்து வாரக்கணக்கில் கிழக்கு நோக்கிப் பின்வாங்கினார். குடியேறிகளும் வீடுகளை விட்டு ஓடினர். கோழை என்று தம் படையினரே பழித்தபோதும் ஹியூஸ்டன் திட்டத்தை மாற்றவில்லை.

ஏப்ரல் 21 அன்று பிற்பகலில், ஓய்வில் இருந்த மெக்சிக்கப் படையைச் சான் ஜசிண்டோ ஆற்றின் அருகே ஏறத்தாழ 900 வீரர்களுடன் திடீரெனத் தாக்கினார். சண்டை 18 நிமிடங்களில் முடிந்ததாகக் கூறப்படுகிறது. சுமார் 600க்கும் மேற்பட்ட மெக்சிக்க வீரர்கள் கொல்லப்பட்டனர். கணுக்காலில் குண்டடிபட்ட ஹியூஸ்டன், மறுநாள் பிடிபட்ட சான்டா அன்னாவைக் கொல்ல வேண்டும் என்ற கோரிக்கைக்கு இணங்காது, அவரை உயிருடன் வைத்து மெக்சிக்கப் படைகளைப் பின்வாங்கச் செய்தார். இப்போரில் ஹுவான் செகுயின் முதலான மெக்சிக்க வழியினரும் டெக்சாஸ் தரப்பில் போரிட்டனர்.

டெக்சாஸ் குடியரசு

1836 செப்டம்பரில் நடந்த தேர்தலில் ஹியூஸ்டன் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்று அக்டோபரில் குடியரசுத் தலைவரானார். அடுத்தடுத்து இருமுறை பதவி வகிக்க அரசியலமைப்பு இடம் தராததால் 1838 ஆம் ஆண்டில் விலகி, 1841 முதல் 1844 வரை மீண்டும் பதவி வகித்தார். இடைக்காலத்தில், 1840 ஆம் ஆண்டில், மார்கரெட் லீ என்பவரை மணந்தார். இவர்களுக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்தனர்.

தனி நாட்டின் நடைமுறைச் சிக்கல்களை இக்காலத்தில் ஹியூஸ்டன் நேரடியாக எதிர்கொண்டார். கருவூலம் வெறுமையாக இருந்தது. வெளியிடப்பட்ட தாள் பணம் மதிப்பிழந்தது. மெக்சிக்கோ பிரிவினையை ஏற்க மறுத்து, 1842 ஆம் ஆண்டில் இருமுறை படையெடுத்துச் சான் அந்தோனியோ நகரைக் கைப்பற்றிப் பின்வாங்கியது. செரோக்கீ மக்களின் நில உரிமையை ஏற்று 1836 ஆம் ஆண்டில் ஹியூஸ்டன் செய்த உடன்படிக்கையை டெக்சாஸ் செனட் நிராகரித்தது. அவருக்கு அடுத்து வந்த மிராபோ லாமாரின் ஆட்சியில், 1839 ஆம் ஆண்டில், செரோக்கீ மக்கள் படை கொண்டு விரட்டப்பட்டனர்.

புதிய குடியரசின் அரசியலமைப்பு அடிமை முறையைச் சட்டப்படி உறுதி செய்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நாடாளுமன்ற அனுமதியின்றி அங்கு வாழவும் தடை விதித்தது. எனவே 1836 பிரிவினை எல்லோருக்கும் விடுதலையாக அமையவில்லை.

ஐக்கிய அமெரிக்காவுடன் இணைப்பு

டெக்சாஸ் வாக்காளர்கள் 1836 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவுடன் இணைய விரும்பினர். மேலும் ஓர் அடிமை மாநிலம் சேர்வதை வட மாநிலங்கள் எதிர்த்ததாலும், மெக்சிக்கோவுடன் போர் மூளும் என்ற அச்சத்தாலும் இணைப்பு தள்ளிப்போனது. இறுதியில் 1845 டிசம்பர் 29 அன்று டெக்சாஸ் ஐக்கிய அமெரிக்காவின் 28 ஆவது மாநிலமானது.

டெக்சாஸ் விரும்பும்போது விலகிக்கொள்ளும் உரிமையுடன் இணைந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது தவறாகும். இணைப்புத் தீர்மானத்தில் அத்தகைய உரிமை ஏதும் இல்லை. டெக்சாசின் நிலப்பரப்பில் இருந்து, அதன் இசைவுடன், மேலும் நான்கு மாநிலங்கள் வரை உருவாக்கலாம் என்பதே அதில் உள்ள சிறப்பு விதியாகும். அம்மாநிலங்களும் ஐக்கிய அமெரிக்காவுக்கு உள்ளேயே இருக்கும்.

செனட் உறுப்பினர்

1846 முதல் 1859 வரை ஹியூஸ்டன் டெக்சாசின் செனட் உறுப்பினராக இருந்தார். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த தென் மாநிலத்தவராயினும், நாட்டின் ஒற்றுமையையே முதன்மையாகக் கருதினார். 1848 ஆம் ஆண்டில் அடிமை முறைக்கு இடமில்லாத ஒரிகன் ஆட்சிப்பகுதியை அமைக்கும் சட்டத்தையும், 1850 ஆம் ஆண்டின் சமரசத் தீர்வையும் ஆதரித்தார்.

1854 ஆம் ஆண்டின் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், புதிய ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா என்பதைக் குடியேறிகளே முடிவு செய்யலாம் என்றது. இது பழைய உடன்பாட்டைக் குலைத்து நாட்டைப் பிளக்கும் எனக் கருதிய ஹியூஸ்டன் எதிர்த்து வாக்களித்தார். இவருடன் சேர்ந்து எதிர்த்து வாக்களித்த மற்றொரு தென் மாநிலச் செனட் உறுப்பினர் டென்னசியின் ஜான் பெல் மட்டுமே. இதனால் டெக்சாஸ் சட்டமன்றம் ஹியூஸ்டனைக் கண்டித்தது. செனட் உறுப்பினரை அக்காலத்தில் சட்டமன்றமே தேர்ந்தெடுத்ததால் இவரது செனட் வாழ்வு முடிவுக்கு வந்தது. 1857 ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் ஹார்டின் ரன்னெல்சிடம் தோற்ற ஹியூஸ்டன், 1859 ஆம் ஆண்டில் அவரையே வென்று ஆளுநரானார்.

1861 பிரிவினையும் பதவி இழப்பும்

மாநாடு

1860 நவம்பரில் அடிமை முறையின் பரவலை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிவதாக அறிவித்தது. டெக்சாசிலும் பிரிவினை மாநாட்டைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தை அழைக்கும் அதிகாரம் ஆளுநரிடமே இருந்ததால் ஹியூஸ்டன் காலம் தாழ்த்தினார்.

மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஓரன் ராபர்ட்ஸ் உள்ளிட்ட பிரிவினைத் தலைவர்கள், ஆளுநரின் அழைப்பின்றியே மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்குமாறு மக்களை அழைத்தனர். சட்ட அடிப்படையற்ற இத்தேர்தலைப் பல ஒன்றிய ஆதரவாளர்கள் புறக்கணித்தனர். ஹியூஸ்டன், மாநாட்டை முறையற்றதென அறிவிக்கும் என எதிர்பார்த்துச் சட்டமன்றத்தைக் கூட்டினார். ஆனால் சட்டமன்றம் மாநாட்டை ஏற்றுக்கொண்டது. மக்களின் இறுதி வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்பதை மட்டும் ஹியூஸ்டன் விடாது வலியுறுத்தினார்.

1861 பிப்ரவரி 1 அன்று மாநாடு 166க்கு 8 என்ற வாக்குகளில் பிரிவினையை ஏற்றது. மறுநாள் வெளியிட்ட காரண விளக்க அறிக்கையில், அடிமை முறைக்கு வட மாநிலங்களால் ஏற்பட்டுள்ள ஆபத்தே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது.

வாக்கெடுப்பு

முதலில் பிரிந்த ஏழு மாநிலங்களுள் பொது வாக்கெடுப்பு நடத்தியது டெக்சாஸ் மட்டுமே. பிப்ரவரி 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரிவினைக்கு ஆதரவாக 46,153 வாக்குகளும் எதிராக 14,747 வாக்குகளும் பதிவாயின. தலைநகர் ஆஸ்டின் அமைந்துள்ள டிராவிஸ் கவுண்டியிலும், செருமானியக் குடியேறிகள் மிகுந்த சில கவுண்டிகளிலும், வட எல்லைக் கவுண்டிகள் சிலவற்றிலும் எதிர்ப்பு வாக்குகளே மிகுந்திருந்தன.

1860 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டெக்சாசின் மக்கள் தொகை 604,215 ஆகும். அவர்களுள் 182,566 பேர் அடிமைகளாவர். பிரிவினையால் மிகுதியும் பாதிக்கப்படவிருந்த இவர்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. பெண்களுக்கும் வாக்குரிமை இல்லை. வாக்கெடுப்புக்கு முன்னரே, பிப்ரவரி மாத நடுவில், சான் அந்தோனியோவில் இருந்த அமெரிக்கப் படைத்தளபதி டேவிட் ட்விக்ஸ், பிரிவினையாளரிடம் தளவாடங்களை ஒப்படைத்து விட்டார்.

உறுதிமொழி மறுப்பு

பிரிவினை 1861 மார்ச் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அது டெக்சாஸ் விடுதலையின் 25 ஆம் ஆண்டு நிறைவு நாளும், ஹியூஸ்டனின் 68 ஆவது பிறந்த நாளும் ஆகும். மக்கள் தீர்ப்பு தமக்கு எதிரானதாயினும் அதனை ஹியூஸ்டன் மறுக்கவில்லை. ஆனால் மாநாடு அத்துடன் நிற்காமல், டெக்சாசைத் தென் மாநிலங்களின் புதிய கூட்டமைப்பில் சேர்த்தது. மக்கள் வாக்களித்தது ஐக்கிய அமெரிக்காவில் இருந்து விலகுவதற்கு மட்டுமே, வேறொரு கூட்டமைப்பில் சேர்வதற்கு அன்று, எனவே டெக்சாஸ் மீண்டும் தனிக் குடியரசாகி விட்டது என்பது ஹியூஸ்டனின் வாதமாகும்.

மாநில அலுவலர் அனைவரும் கூட்டமைப்புக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும் என மாநாடு ஆணையிட்டது. மார்ச் 16 அன்று ஹியூஸ்டனின் பெயர் மும்முறை அழைக்கப்பட்டபோது, அவர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அமர்ந்து கத்தியால் மரத்துண்டைச் செதுக்கிக் கொண்டிருந்தார் எனக் கூறுவர். அவர் வராததால் பதவி காலியானதாக அறிவிக்கப்பட்டு, துணை ஆளுநர் எட்வர்ட் கிளார்க் ஆளுநராக்கப்பட்டார்.

படை உதவியை மறுத்தல்

ஹியூஸ்டனைப் பதவியில் நிலைநிறுத்தப் படை உதவி அளிக்க லிங்கன் முன்வந்தார். ஹியூஸ்டன் அதனை ஏற்கவில்லை. தம் பதவிக்காக டெக்சாஸ் மண்ணில் டெக்சாஸ் மக்களின் குருதி சிந்தப்படுவதை அவர் விரும்பவில்லை. பிரிவினை தவறென்று கருதிய போதும், பிரிவினையை விரும்பிய மக்கள் மீது படை ஏவுவதற்கும் அவர் உடன்படவில்லை. 1861 ஏப்ரலில் கால்வெஸ்டன் நகரில் ஆற்றிய உரையில், தென் மாநிலங்கள் பெரும் உயிரிழப்புக்கும் பொருளிழப்புக்கும் பின்னர் தோல்வியையே தழுவக்கூடும் என எச்சரித்தார்.

இறுதிக் காலம்

போர் தொடங்கிய பின்னர் ஹியூஸ்டன் தம் மாநிலத்துக்கு எதிராகச் செயற்படவில்லை. மூத்த மகன் சாம் ஹியூஸ்டன் இளையவர் தென் மாநிலப் படையில் சேர்ந்து, 1862 ஏப்ரலில் சைலோ சண்டையில் காயமுற்று எதிரணியிடம் சிறைப்பட்டார். பின்னர் விடுதலை பெற்று வீடு திரும்பினார். ஹியூஸ்டன் ஹன்ட்ஸ்வில் நகரில் வாழ்ந்து 1863 ஜூலை 26 அன்று நுரையீரல் அழற்சியால் காலமானார். அவர் எச்சரித்த தோல்வி 1865 ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில், டெக்சாசின் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணை வாசிக்கப்பட்டது.

பிரிந்து செல்லும் உரிமை குறித்த நிலைப்பாடு

ஹியூஸ்டனின் இரு நிலைப்பாடுகளையும் பின்வருமாறு தொகுக்கலாம்.

- பிரிந்து செல்வது அரசியலமைப்பு வழங்கும் உரிமை அன்று. பொறுக்க இயலாத கொடுமைக்கு எதிராக மக்கள் மேற்கொள்ளும் புரட்சி உரிமையே ஆகும். அதன் விளைவுகளையும் அவர்களே ஏற்க வேண்டும்.
- 1835 ஆம் ஆண்டில் மைய அரசே அரசியலமைப்பை அகற்றியது. எனவே மாநிலத்தின் கடப்பாடு முடிவுற்றது.
- 1860 ஆம் ஆண்டில் நடந்தது முறையான தேர்தல். விரும்பாத ஒருவர் வென்றார் என்பது நாட்டை விட்டு விலகப் போதிய காரணம் ஆகாது. குறைகளை அரசியலமைப்புக்கு உட்பட்டே தீர்க்கலாம்.
- எம்முடிவாயினும் மக்களின் நேரடி இசைவு தேவை. அவ்விசைவை அவர்கள் வாக்களித்த கேள்விக்கு அப்பால் நீட்டித்தல் கூடாது.

இந்த வேறுபாட்டை ஏற்காதோரும் உள்ளனர். 1836 பிரிவினையிலும் அடிமை முறையைக் காக்கும் நோக்கம் கலந்திருந்தது என்றும், அதனைக் குடியேறிகளின் அரசியலமைப்புப் போராட்டமாக மட்டும் காண்பது முழுமையாகாது என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். ஹியூஸ்டன் அடிமை முறையின் பரவலைச் சில வேளைகளில் எதிர்த்தாரேயன்றி, இறுதிவரை அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார் என்பதும் கருதத்தக்கது.

டெக்சாஸ் எதிர் வைட் வழக்கு

ஹியூஸ்டன் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், இக்கேள்வி டெக்சாஸ் மாநிலத்தின் பெயராலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. போர்க்காலத்தில் டெக்சாசின் பிரிவினை அரசு விற்ற ஐக்கிய அமெரிக்கக் கடன் பத்திரங்களை மீட்க, போருக்குப் பிந்தைய டெக்சாஸ் அரசு வழக்குத் தொடுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஒரு மாநிலம் என்ற நிலையில் மட்டுமே அது உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுக இயலும். எனவே டெக்சாஸ் உண்மையில் பிரிந்து சென்றதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

1869 ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். ஐந்து நீதிபதிகள் ஆதரித்தும் மூவர் மாறுபட்டும் அமைந்த இத்தீர்ப்பு, ஒன்றியம் கலைக்க முடியாதது என்றும், பிரிவினைத் தீர்மானம் சட்டப்படி செல்லாதது என்றும், டெக்சாஸ் எப்போதும் மாநிலமாகவே இருந்தது என்றும் கூறியது. புரட்சி, அல்லது பிற மாநிலங்களின் இசைவு ஆகிய இரண்டையே விலக்காகக் குறிப்பிட்டது. இவ்விலக்குகளுள் முதலாவது, ஹியூஸ்டன் கொண்டிருந்த கருத்துக்கு நெருக்கமானதாகும். மாறுபட்ட நீதிபதி ராபர்ட் கிரியர், நாடாளுமன்றத்தில் உறுப்பினரின்றிப் படை ஆட்சியின் கீழ் இருந்த டெக்சாசை மாநிலமாகக் கொள்வது நடைமுறை உண்மைக்கு முரணானது என வாதிட்டார். 1870 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மீண்டும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இடம் பெற்றது.

நினைவுகள்

1836 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹியூஸ்டன் நகருக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. அந்நகர் இன்று டெக்சாசின் மிகப் பெரிய நகராகும். ஹன்ட்ஸ்வில் நகரில் இவரது கல்லறையும், இவரது பெயர் தாங்கிய பல்கலைக்கழகமும், 1994 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பேருருவச் சிலையும் உள்ளன. ஜான் எஃப். கென்னடி, தம் பதவி பறிபோகும் நிலையிலும் கொள்கை வழி நின்ற செனட் உறுப்பினர்கள் குறித்து 1956 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஹியூஸ்டனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார்.

ஹியூஸ்டனை 1861 ஆம் ஆண்டில் பதவியில் இருந்து நீக்கிய மாநாட்டின் தலைவர் ஓரன் ராபர்ட்ஸ் 1879 ஆம் ஆண்டில் டெக்சாஸ் ஆளுநரானார். ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்புக்கு உட்பட்டே அவர் அப்பதவியை வகித்தார்.